வீட்டில் செவிலியர் பராமரிப்பு: மீதமுள்ள 23 மணி நேரம்

மருத்துவமனையிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாளில் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "வீட்டுக்கு நர்ஸ் வந்து பார்த்துக்கொண்டால் போதுமா, டாக்டர்?" திருத்தங்கல்லிலிருந்து வருபவரும் வெம்பக்கோட்டையிலிருந்து வருபவரும் இதையே கேட்கின்றனர். போதும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது பாதி விடைதான். வீட்டுக்கு வரும் செவிலியர் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நோயாளியின் அருகில் இருப்பார். மீதமுள்ள 23 மணி நேரம் நோயாளி உங்கள் கையில் இருக்கிறார். அந்த 23 மணி நேரத்துக்கான பாடமே இக்கட்டுரை.

இதை எனக்குக் கற்பித்தவர் ஒரு நோயாளி. நான் முதுநிலைப் பயிற்சியில் இருந்த காலம். பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த முதியவர் ஒருவரை, உடல்நிலை சீரானதும் வீட்டுக்கு அனுப்பினேன். மாத்திரைகளை எழுதினேன், ஒன்றுவிட்டு ஒருநாள் செவிலியர் சென்று பார்க்கவும் ஏற்பாடு செய்தேன். மூன்றாம் வாரம் அவர் மீண்டும் வந்தார். இடுப்பின் அடிப்பகுதியில், எலும்பு தெரியுமளவு ஆழமான படுக்கைப் புண். செவிலியர் ஒருநாளும் தவறவில்லை. மருமகளும் மாமனாரை அன்போடுதான் கவனித்திருந்தார். "படுத்திருப்பவரை அசைத்தால் நரம்புக்குக் கெடுதல் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டோம்" என்றார் அவர். அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். அப்புண் ஆற நான்கு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அன்றிலிருந்து, டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்திடும் முன் குடும்பத்தாருடன் கால் மணி நேரமாவது அமர்ந்து பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

யார், எதைச் செய்ய வேண்டும்?

வீட்டுப் பராமரிப்பில் மூவருக்குப் பங்கு உண்டு.

முதலாமவர் செவிலியர். ஜி.என்.எம். என்னும் மூன்றாண்டுப் பட்டயமோ, நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் பட்டமோ பெற்று, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவர். இப்பதிவுமுறை புதிதன்று; 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர் மற்றும் தாதியர் சட்டத்திலிருந்து வருவது. ஊசி போடுதல், நரம்புவழி மருந்து ஏற்றுதல், குழாய்களை மாற்றுதல், ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுதல், தொண்டைத் துளைக் குழாயிலிருந்து சளியை உறிஞ்சி எடுத்தல் ஆகியவை அவருடைய பணிகள்.

இரண்டாமவர் உதவியாளர். குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், படுக்கை விரிப்பை மாற்றுதல், நடக்கத் துணை நிற்றல் ஆகியவற்றை நன்றாகச் செய்வார். பயிற்சி பெறாத ஒருவரை "நர்ஸ்" என்று சொல்லி அனுப்பிவைப்பதும் உண்டு. ஆகவே சம்பளம் பேசும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை ஏதுமில்லை. உண்மையான செவிலியர் மகிழ்ச்சியோடு காட்டுவார். உதவியாளரை ஊசி போடச் சொல்லாதீர்கள். கழன்ற குழாயை மீண்டும் செருகச் சொல்லாதீர்கள்.

மூன்றாமவர் குடும்பத்தார். திருப்பிப் படுக்க வைத்தல், உணவு, சுத்தம், பயிற்சி, இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனித்தல் அவர்களுடைய பணி. நேற்றைக்கு இன்று என்ன மாறியிருக்கிறது என்பதை முதலில் காணும் கண் வீட்டாருடையதே. செவிலியர் வரும் ஒரு மணி நேரத்தில் அவர் வேலை செய்வதை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், உங்களைச் செய்யச் சொல்லி அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மணி நேரத்தின் மிகச் சிறந்த பயன் அதுவே.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

வீடு தேடிச் செல்லும் பயிற்சி பெற்ற செவிலியர் என்னும் ஏற்பாடு ஒரு குடும்பத்தின் துயரிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்னும் வணிகரின் மனைவி 1859இல் நோயுற்று இறந்தார். அவரைக் கடைசிவரை கவனித்துக்கொண்டவர் மேரி ராபின்சன் என்னும் செவிலியர். வசதியுள்ள தம் வீட்டிலேயே இந்த உதவி இவ்வளவு தேவைப்பட்டதென்றால், ஏழைகளின் வீட்டில் எவ்வளவு தேவைப்படும் என்று எண்ணிய ராத்போன், நகரின் ஏழைகளுக்குப் பணி செய்ய அதே செவிலியரை மூன்று மாதங்களுக்கு அமர்த்தினார். அங்குக் கண்ட துன்பத்தைத் தாங்காமல் முதல் மாதத்திலேயே விலகிவிட நினைத்த மேரி ராபின்சன், ராத்போன் கேட்டுக்கொண்டதால் தொடர்ந்தார். மூன்று மாத முடிவில் தம் பணியின் பயனைக் கண்கூடாகக் கண்டார். நோயாளிகளைக் கவனித்ததோடு, வீட்டாருக்குக் கவனிக்கக் கற்றுக்கொடுத்ததும் அப்பணியின் பகுதியாக இருந்தது.

நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து வீடுதோறும் பரவியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மருந்துகள், இயன்முறைச் சிகிச்சை, வலி தணிப்புச் சிகிச்சை, வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான திரவப் பைகள் ஆகியன இத்திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பெயரைப் பதிவு செய்யுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. தனியார் செவிலியரை அமர்த்த இயலாத குடும்பங்கள் இதைத் தவறவிடக் கூடாது.

பாடம் ஒன்று: படுக்கைப் புண்

உடலின் எடை ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தினால், எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் சிக்கிய தசைக்கு இரத்தம் செல்வதில்லை. சில மணி நேரத்திலேயே அத்தசை இறக்கத் தொடங்கும். இடுப்பின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, தோள்பட்டை, பின்தலை ஆகியவை முதலில் பாதிக்கப்படும் இடங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள்: மல்லாந்து, இடப்பக்கம், வலப்பக்கம். பக்கவாட்டில் முழுவதும் சாய்க்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துச் சற்றே சாய்த்தால் இடுப்பு எலும்பின் மீது எடை விழாது. கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பும்போது உடலைத் தூக்கித் திருப்புங்கள். விரிப்போடு உரசும்படி இழுத்தால் தோல் கிழியும். பக்கவாதம் வந்தவரை அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும்.

ஒவ்வொரு முறை திருப்பும்போதும் தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துப் பின் சிவந்தால் ஆபத்து இன்னும் தொடங்கவில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் முதற்படி. மாநிறத்தோரிடமும் கறுத்த நிறத்தோரிடமும் சிவப்பு தெளிவாகத் தெரியாது. அங்கே சூடு, தடிப்பு, நிறக்கருமை ஆகியவற்றைத் தொட்டும் பார்த்தும் அறிய வேண்டும். அவ்விடத்தில் மீண்டும் எடை விழாதபடி படுக்க வைத்து, அன்றே செவிலியரிடம் சொல்லுங்கள். அவ்விடத்தைத் தேய்க்காதீர்கள், வளையம் போன்ற திண்டுகளையும் வைக்காதீர்கள். காற்று மெத்தை நல்ல துணையே. ஆனால் அது திருப்பிப் படுக்க வைப்பதற்கு மாற்றாகாது. மின்சாரம் தடைப்பட்டு மெத்தை தளர்ந்துவிட்டால், அந்நேரம் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

எந்நேரம் எப்பக்கம் என்பதை எழுதி வையுங்கள். நம் ஊரில் தினசரிக் காலண்டர் இல்லாத வீடில்லை. அன்றன்று கிழிக்கும் தாளின் பின்புறத்தில் நேரத்தையும் பக்கத்தையும் குறித்து ஒரு கிளிப்பில் செருகி வைத்தால் போதும். வேலைக்குப் போய்விட்டு மாலையில் வருபவர், அதுவரை வீட்டிலிருந்தவரைக் கேட்காமலே நிலையை அறியலாம். செவிலியரும் மறுநாள் அத்தாளைத்தான் முதலில் பார்ப்பார்.

பாடம் இரண்டு: குழாய்கள்

வார்டில் "ரைல்ஸ் டியூப்" என்று சொல்லப்படும் மூக்குவழி உணவுக்குழாய் குறித்த அச்சம் எல்லாருக்கும் உண்டு. அதன் ஆபத்து ஒன்றே: உணவு இரைப்பைக்குச் செல்லாமல் நுரையீரலுக்குச் செல்வது. அதைத் தடுக்கும் வழிகள் எளியவை. மூக்கின் வாசலில் குழாயின் எந்த அளவுக்குறி நிற்கிறது என்பதைச் செவிலியரைக் கொண்டு எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் அக்குறியைப் பார்த்த பிறகே உணவு கொடுங்கள். குறி இடம் மாறியிருந்தால் ஒரு சொட்டு நீரும் கொடுக்காமல் செவிலியரை அழையுங்கள். தலைப்பக்கத்தைப் பாதி உட்கார்ந்த நிலைக்கு உயர்த்திக் கொடுங்கள். கொடுத்த பிறகும் முக்கால் மணி நேரமாவது அதே நிலையில் வைத்திருங்கள். உணவு தானாக இறங்க வேண்டும். சிரிஞ்சால் அழுத்தித் தள்ளக் கூடாது. முன்னும் பின்னும் வெதுவெதுப்பான குடிநீரைச் செலுத்திக் குழாயைக் கழுவுங்கள். வாய்வழி உணவு இல்லையே என்று வாயைச் சுத்தம் செய்யாமல் விடாதீர்கள்; அழுக்கான வாயின் கிருமிகளே நுரையீரல் தொற்றாகின்றன. மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கும் முன் கேளுங்கள். மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது.

கதீட்டர் என்னும் சிறுநீர்க்குழாய்க்கு மூன்று விதிகள். பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். ஆனால் தரையைத் தொடக் கூடாது. குழாயைத் தொடும் முன்னும் பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். பை முக்கால் பங்கு நிறையும் முன்பே காலி செய்ய வேண்டும். குழாய் உள்ளே ஒரு சிறு நீர்க்குமிழால் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே எக்காரணத்தாலும் இழுக்காதீர்கள். மாற்ற வேண்டிய நாள் குழாயின் வகையைப் பொறுத்தது. சிலிக்கான் குழாய் 12 வாரம் வரை இருக்கலாம். சாதாரண ரப்பர் குழாயை அதற்கு வெகு முன்பே மாற்ற வேண்டும். உங்கள் நோயாளிக்கு எது, எந்த நாள் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

பாடம் மூன்று: தீக்காயம் ஆறிய பின்

நம் பகுதியில் இப்பாடத்தை விட்டுவிட முடியாது. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் தீக்காயமுற்று, உயிர் பிழைத்து, ஒட்டுத்தோலும் பிடித்து வீடு திரும்புவோர் உண்டு. காயம் மூடிவிட்டது, இனிக் கவலையில்லை என்று குடும்பம் நினைக்கும். உண்மையில் அப்போதுதான் தழும்பு சுருங்கத் தொடங்குகிறது. கழுத்தில் தழும்பு சுருங்கினால் முகம் மார்பை நோக்கி இழுக்கப்படும். அக்குளில் சுருங்கினால் கை மேலே எழாது. விரல்களில் சுருங்கினால் பிழைப்பே போய்விடும்.

நினைவில் கொள்ள வேண்டிய விதி இது: நோயாளிக்குச் சுகமாக இருக்கும் நிலையே மூட்டு மடங்கி இறுகிப்போகும் நிலை. கழுத்தில் காயம் பட்டவருக்குத் தலையணை வேண்டாம். தோள்களின் கீழ் சுருட்டிய துணியை வைத்துக் கழுத்தை நீட்டிப் படுக்க வையுங்கள். அக்குளில் காயம் பட்டவரின் கையை உடலிலிருந்து விலக்கி வையுங்கள். முழங்கையும் முழங்காலும் நேராக இருக்கட்டும். விரல்களைச் சேர்த்துக் கட்டாமல் ஒவ்வொன்றாகக் கட்டுப் போட வேண்டும். மருத்துவர் தந்த பட்டைச்சட்டத்தை இரவில் கழற்றிவிடாதீர்கள். அழுத்த உடை பரிந்துரைக்கப்பட்டிருந்தால் நாளொன்றுக்கு 23 மணி நேரம் அணிய வேண்டும். குளிக்கவும் எண்ணெய் தடவவும் மட்டும் கழற்றலாம். தழும்பு முதிர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

பயிற்சி வலிக்கும். வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு நிறுத்திவிடும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரக்கத்துக்குப் பிள்ளை பின்னாளில் அறுவைச் சிகிச்சையால் விலை கொடுக்க நேரும். வலி மாத்திரையைப் பயிற்சிக்கும் கட்டு மாற்றுவதற்கும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பே கொடுங்கள். வலி தணிந்த நேரத்தில் பயிற்சியைச் செய்யுங்கள். ஆறிய தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, வெயில் படாமல் காத்திடுங்கள். காயத்தின் மீது மஞ்சள், மை, பற்பசை எதையும் பூச வேண்டாம். முட்டை, பருப்பு, கடலை, மீன் ஆகியவை காயம் ஆறத் தேவையான புரதத்தைத் தரும். பத்தியம் என்று அவற்றை நிறுத்தாதீர்கள்.

சிவகாசி வீடுகளுக்கு மூன்று சொற்கள்

முதலாவது, வேலை உடை. ஆலையிலிருந்து வருபவரின் உடையிலும் முடியிலும் மருந்துத்தூள் இருக்கும். குளித்து உடை மாற்றிய பிறகே நோயாளியைத் தொட வேண்டும். அந்த உடையைத் தனியே துவைக்க வேண்டும்.

இரண்டாவது, ஆக்சிஜன். நுரையீரல் நோயாளிகள் சிலர் வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கின்றனர். ஆக்சிஜன் தானாக எரிவதில்லை, எரிவதை மும்முரமாக்கும். பட்டாசில் வெடியுப்பு செய்யும் வேலையை அந்த அறையில் ஆக்சிஜன் செய்கிறது என்றால் நம் ஊரில் எவருக்கும் புரியும். அவ்வறையில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது. அடுப்பு வெகு தொலைவில் இருக்கட்டும். மூக்கில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவாதீர்கள். பட்டாசையோ திரியையோ அந்த வீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

மூன்றாவது, கோடை. படுத்திருப்பவர் தாகத்தைச் சொல்ல மாட்டார். வாய் வறட்சியும் அடர்ந்த நிறச் சிறுநீரும் நீர்க்குறைவைக் காட்டும். இன்சுலினை வெப்பத்தில் வைத்தால் பலன் குறையும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில், மண்பானை நீரில் மிதக்கும் மூடிய கிண்ணத்தில் பயன்பாட்டிலுள்ள குப்பியை வைக்கலாம்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஒன்றைக் கண்டாலும் செவிலியர் வரும் நேரத்துக்காகக் காத்திராமல் எங்களை அழையுங்கள்:

• நடுக்கத்துடன் காய்ச்சல்
• நான்கு மணி நேரமாகச் சிறுநீர் வராமை, அடிவயிறு உப்புதல், சிறுநீரில் இரத்தம்
• புண்ணில் கருமை, சீழ், துர்நாற்றம்
• ஒரு காலில் மட்டும் புதிதாக வீக்கமும் வலியும்

மூச்சுத் திணறல், உதடு நீலமாதல், எழுப்பினாலும் விழிக்காமை, புதிதாக முகம் கோணுதல் அல்லது பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுக்கு உடனே 108ஐ அழையுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கவனிப்பவரையும் கவனியுங்கள்

23 மணி நேரத்தையும் ஒருவரே சுமக்க முடியாது. பெரும்பாலான வீடுகளில் அச்சுமை மனைவி மீதோ மகள் மீதோ மருமகள் மீதோ விழுகிறது. அவருடைய நாட்கூலியும் நின்றுபோகிறது. இரவு முறையை ஆண்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு பகுதி நாளாவது அவர் வீட்டைவிட்டு வெளியே செல்லட்டும். வேலையிடத்து விபத்தில் காயமுற்றவர் இ.எஸ்.ஐ. காப்பீடு உடையவரானால், வேலைக்குச் செல்ல இயலாத காலத்துக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைக்கும். அதற்கான மருத்துவச் சான்றைக் காலந்தவறாமல் பெறுங்கள். கவனிப்பவரின் தூக்கம் கெட்டு, காரணமின்றி அழுகையும் எரிச்சலும் வந்தால், அதையும் எங்களிடம் சொல்லுங்கள். அது அவருடைய குற்றமன்று, களைப்பின் அறிகுறி.

புறப்படும் முன்

வார்டை விட்டுச் செல்லும் முன் ஐந்தைக் கேட்டுப் பெறுங்கள்: மருந்துகளின் பெயரும் நேரமும் எழுதிய தாள், குழாய் மாற்றும் தேதி, படுக்க வைக்கும் முறையும் பயிற்சிகளும், இரவில் அழைக்க வேண்டிய எண், அடுத்து வர வேண்டிய நாள். அதன்பின், வீட்டில் செய்யப்போகும் ஒவ்வொன்றையும் செவிலியரின் முன்னிலையில் உங்கள் கையாலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள். தவறினால் மீண்டும் செய்யுங்கள். கட்டில் காலியாக வேண்டுமே என்று நாங்கள் அவசரப்படுத்தினாலும், "இன்னும் கற்றுக்கொள்ளவில்லை" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அன்று அந்த மருமகளுக்கு அப்படிச் சொல்லலாம் என்பது தெரிந்திருந்தால், அம்முதியவருக்கு அப்புண் வந்திருக்காது.